யார் வீட்டுப் பிள்ளை?

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், மாநில எல்லைக்குச் சற்று முன்னதாக, ‘கோரிமேடு, ஜிப்மர் எல்லாம் எறங்கு’ என்று நடத்துநர் குரல் கொடுக்க, கையில் மருத்துவச் சீட்டும் தூக்குப் பாத்திரமுமாக நாள்தோறும் இறங்கும் ஜனங்களில், தாங்கள் வாயாரச் சொல்லும் அந்த ஊர்ப்பெயரின் முற்பாதி பாரசீகத்திலிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. கோர் என்பது பாரசீகத்தில் கல்லறையைக் குறிக்கும் சொல்; அதுவே நம் நாவில் கோரி என்று திரிந்து, முஸ்லிம்களின் சமாதிக்கு வழங்கும் பெயராகி, மேடு என்னும் பச்சைத் தமிழ்ச் சொல்லோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. அந்நியம் என்று யாருக்கும் தோன்றாத அளவுக்கு அது நம்முடையதாகிவிட்டது. இந்த ஊரில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் எனக்கு, தமிழ் முஸ்லிம்களைப் பற்றிய எந்த நூலைப் புரட்டும்போதும் இந்தப் பெயர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

சில மாதங்களுக்கு முன், இரும்பு வியாபாரம் செய்து ஓய்ந்திருக்கும் ராவுத்தர் ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நான் உட்கார்ந்திருந்த சமயம், சமூகவியல் படிக்கும் மாணவி ஒருத்தி, தலையில் முக்காடும் கையில் அச்சிட்ட வினாப் படிவமுமாக வந்து சலாம் சொன்னாள். புதுச்சேரி முஸ்லிம் குடும்பங்களின் தொழிலும் கல்வியும் குறித்து அவள் விவரம் சேகரிக்கிறாளாம். படிவத்தின் முதல் கேள்வியை அவள் வாசிப்பதற்குள், பெரியவர் தமது கேள்வியைக் கேட்டுவிட்டார்.

‘யாரு வீட்டுப் புள்ளைம்மா நீ?’

‘காரைக்கால்ங்க மாமா. வாப்பா துணிக்கடை வச்சிருக்காங்க.’

எந்தத் தெரு, எந்தப் பள்ளிவாசல் பக்கம், தாய்வழியில் யார் யார் என்று கால் மணி நேரம் விசாரித்து, தமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கிளையில் அவளைக் கொண்டுபோய்ப் பொருத்திய பிறகே அவர் படிவத்துக்கு வந்தார். உட்பிரிவு என்று ஒரு கட்டம் இருந்தது. ‘ராவுத்தர்னு எழுதும்மா. ஆனா அது சாதி இல்லே. அதையும் பக்கத்துலே எழுது’ என்றார். கட்டத்துக்குள் அதற்கு இடம் இல்லை. அந்தப் பெண் ஒரு கணம் தயங்கி, தாளின் ஓரத்தில் பொடி எழுத்தாக அதை எழுதிக்கொண்டாள்.

கட்டத்துக்குள் அடங்காமல் தாளின் ஓரத்துக்குப் போன அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை. ஒரு சமுதாயத்தை அளந்து எழுதும் சாஸ்திரங்கள் என்று பெயர் பெற்ற சமூகவியல், மானிடவியல், அரசியல் முதலிய துறைகள், முஸ்லிம்களைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எவ்வளவோ எழுதியிருக்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி பிறர் எழுதியது. எழுதப்பட்டவர்களே எழுதுகோலைக் கையில் எடுத்தபோது, அதிலும் அவ்வெழுதுகோல் அமெரிக்க சர்வகலாசாலைகளின் நடுவே அவர்கள் கைக்கு வந்தபோது, விடைகள் மட்டும் மாறவில்லை, கேள்விகளே மாறின. இதை அமெரிக்காவுக்கு மட்டும் உரிய ஒரு வித்துவத் தகராறு என்று எண்ணுவது தவறு. தமிழ் பேசும் நாட்டில், நமக்கு மிக அருகில், இது முன்னமே நடந்து முடிந்த வழக்கு.

1888-ஆம் ஆண்டில், இலங்கைச் சட்ட நிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக வீற்றிருந்த பொன்னம்பலம் இராமநாதன், ராயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில், இலங்கைச் சோனகரின் இனவரலாறு குறித்து ஒரு கட்டுரை வாசித்தார். அவர்கள் வீட்டில் பேசும் மொழி, கலியாணச் சடங்குகள், உடற்தோற்றம் ஆகியவற்றை வரிசையாக எடுத்துவைத்து, சோனகர் மதத்தால் முஸ்லிம்களே ஆயினும் இனத்தால் தமிழரே என்பது அவர் நிலைநாட்ட விரும்பிய முடிவு. இராமநாதன் பெரும் புலமையாளர். அவர் காட்டிய சான்றுகளுள் பல உண்மையானவை. வாசிக்கும் தமிழருக்கு அது உறவு கொண்டாடுகிற குரலாகவும் ஒலிக்கக்கூடும். ஆனால் அந்தக் கட்டுரை வாசிக்கப்பட்ட காலத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த நேரம் அது. மறு ஆண்டே, 1889-இல், எம். ஸி. அப்துல் ரகுமான் அந்த ஸ்தானத்தில் நியமனமானார். சோனகரும் தமிழரே என்று சாஸ்திரம் முடிவு கூறிவிட்டால், அவர்களுக்குத் தனி ஆசனம் எதற்கு என்ற அடுத்த வாக்கியம் எழுதப்படாமலே விளங்கும்.

அதற்கு ஒரு முஸ்லிம் எழுதிய மறுப்பு 1907-இல் வெளிவந்தது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் என்பவர், இராமநாதனுடைய கட்டுரையை வரிவரியாக எடுத்துக்கொண்டு, அவர் கையாண்ட அதே சாஸ்திரத்தின் பாஷையில், ஆங்கிலத்தில், கொழும்பிலிருந்து ஒரு நூல் எழுதினார். தங்கள் மூதாதையர் அராபியர் என்றும், வந்த இடத்தில் மணம் செய்து, வியாபாரத்துக்கு வேண்டிய மொழியைக் கைக்கொண்டதனால் இனம் மாறிவிடாது என்றும் அவர் வாதாடினார். அராபிய வம்சாவளியைப் பற்றிய அவர் கூற்றுகள் எல்லாவற்றையும் இன்றைய சரித்திராசிரியர் ஏற்கமாட்டார். ஆயினும், வாதத்தின் உள்ளடக்கத்தை விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்தச் செய்கை. அதுவரையில் சபையில் வாசிக்கப்படும் பொருளாக இருந்த சமுதாயத்திலிருந்து ஒருவர் எழுந்து, ‘எங்களைப் பற்றிய சாஸ்திரத்தில் எங்களுக்கும் ஒரு வாக்கு உண்டு’ என்று அச்சில் சொன்ன கணம் அது. அந்த வழக்கின் கசப்பு தீராமலே இருந்தது என்பதையும், 1915-இல் இலங்கையில் நடந்த சிங்கள - முஸ்லிம் கலவரத்துக்குப் பின் சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் வாதாடியது முஸ்லிம்களின் மனப்புண்ணை ஆழமாக்கியது என்பதையும் தமிழராகிய நாம் மறைக்காமல் நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1957-இல் ருஷ்யா ஆகாயத்தில் ஸ்புட்னிக்கைப் பறக்கவிட்டதும், அமெரிக்க அரசாங்கத்துக்குத் தன் கல்வியைப் பற்றியே பெருங்கவலை பிறந்தது. மறு ஆண்டு இயற்றிய தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின்கீழ், உலகத்தின் மொழிகளையும் பிரதேசங்களையும் ஆராயப் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. அரபி, பாரசீகம், உருது ஆகியவற்றோடு தமிழும் அந்த வெள்ளத்தில் நனைந்த மொழிகளுள் ஒன்று. 480-ஆம் எண் பொதுச் சட்டத்தின்கீழ் இந்தியாவுக்குக் கோதுமை விற்று இங்கே குவிந்த ரூபாயைக் கொண்டு, 1962 முதல், இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். ரேஷன் கடை வரிசையில் நின்று நம் தாய்மார் வாங்கிய கோதுமையின் விலையில் தமிழ்ப் புத்தகங்கள் கடல் கடந்து போய் அலமாரி ஏறின என்பதை நினைக்க எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

புத்தகங்கள் போன திசையிலிருந்து ஆராய்ச்சியாளர் வந்தனர். மாட்டிசன் மைன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1960-களின் பிற்பகுதியில் தங்கி, அங்குள்ள தமிழ் முஸ்லிம் வியாபாரிகளை ஆராய்ந்து, 1972-இல் ஒரு நூல் வெளியிட்டார். ராவுத்தர், லெப்பை, மரைக்காயர், காயலர் என்ற நான்கு பிரிவுகளும் சாதிகளைப் போல மேல்கீழாக அடுக்கப்பட்டவை அல்ல என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் படிவத்தின் ஓரத்தில் எழுதச் சொன்னதும் அதுவே. இன்னொன்றையும் மைன்ஸ் கவனித்தார். சொந்தக் கிராமத்தில் ஒருவர் யார் என்பது ஊரறிந்த சங்கதி, ஆகையால் அங்கே அவர் மார்க்க அனுஷ்டானத்தால் தம்மை நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. நகரத்துக்குப் பெயர்ந்து, யாரும் யாரையும் அறியாத தெருவில் குடியேறியபின், தொழுகையும் நோன்பும் ஒழுங்காக நடத்துவதே அவரைச் சமுதாயத்தில் ஒருவராக அறிமுகப்படுத்தும் சான்றாகிறது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார் என்பதை மனமாரப் பாராட்ட வேண்டும். பிறர் எழுதினார்கள் என்பதற்காகவே ஓர் ஆராய்ச்சியைத் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இதற்கிடையே, 1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி ஆசிய நாட்டினருக்குக் கதவைத் திறந்தது. அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்த சிலரோடு, மாணவராகவும் ஆசிரியராகவும் முஸ்லிம் அறிஞர் பலர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் இருவரிடையே எழுந்த ஒரு கருத்து வேற்றுமையை இங்கே சொல்லியே ஆகவேண்டும்.

இஸ்மாயில் ராஜி அல் பாரூக்கி 1921-இல் பாலஸ்தீனத்து யாஃபா நகரில் பிறந்தவர். இளமையிலேயே கலிலேயா ஜில்லாவின் நிர்வாகியாக இருந்து, 1948-இல் நாடு கைவிட்டுப் போனதும் அகதியாக வெளியேறி, இந்தியானா சர்வகலாசாலையில் தத்துவம் பயின்று, பின்னர் பிலடெல்பியாவிலுள்ள டெம்பிள் சர்வகலாசாலையில் பேராசிரியரானார். முஸ்லிம் சமூக விஞ்ஞானிகளுக்கென்று ஒரு சங்கம் 1972-இல் அமெரிக்காவில் தோன்றியபோது அதன் முதல் தலைவர் அவரே. சமூக சாஸ்திரங்கள் எல்லோருக்கும் பொதுவான உண்மையைப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டாலும், அவை ஐரோப்பாவின் சரித்திரத்திலிருந்து பிறந்தவை, ஆகையால் அவற்றை இஸ்லாமிய அறிவின் அடித்தளத்தில் மறுபடியும் கட்டவேண்டும் என்று அவர் திட்டம் வகுத்தார். 1981-இல் அதற்கென ஒரு ஸ்தாபனமும் ஏற்பட்டது. 1986-ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில் ஓர் இரவு, அவரும், இஸ்லாமியக் கலையிலும் இசையிலும் நிபுணராயிருந்த அவர் மனைவி லோயிஸ் லமியாவும், தங்கள் வீட்டிலேயே கொலையுண்டு மாண்டனர்.

பஸ்லுர் ரகுமான் வேறு வார்ப்பு. பிரிவினைக்கு முந்திய இந்தியாவின் வடமேற்கில் 1919-இல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் கற்று, பாகிஸ்தானில் இஸ்லாமிய ஆராய்ச்சி ஸ்தாபனத்தை நடத்தி, தம் கருத்துகளுக்கு எழுந்த கடும் எதிர்ப்பினால் 1968-இல் பதவியைத் துறந்து, மறு ஆண்டு முதல் 1988-இல் இறக்கும்வரை சிகாகோவில் போதித்தவர். அறிவை இஸ்லாமியமாக்கும் திட்டத்துக்கு அவர் எழுதிய பதில் சுருக்கமானது, ஆனால் ஆழமானது: படமும் பட்டியலும் போட்டு அறிவை உற்பத்தி செய்ய முடியாது, நன்றாகச் சிந்திக்கும் மனிதர்களை உண்டாக்குங்கள், அவர்கள் எழுதுவது தானாகவே வேறாக இருக்கும் என்பது அதன் சாரம். இந்த வழக்கில் நான் ரகுமான் கட்சி. ஒரு சாஸ்திரத்தின் மேல் பெயர்ப்பலகையை மாற்றுவதால் அது மாறுவதில்லை. ஆனாலும், பலகையில் எழுதியிருந்த ‘பொது’ என்ற சொல்லை உரக்க வாசித்து, அது யாருக்குப் பொது என்று கேட்ட துணிவு பாரூக்கியுடையது.

முஸ்லிம்களுக்கு இத்துறை புதிது என்று யாரும் எண்ணவேண்டாம். துனிஸ் நகரில் 1332-இல் பிறந்த இப்னு கல்தூன், 1377-இல் எழுதி முடித்த முகத்திமா என்ற நூலில், அரசுகள் எழுவதும் வீழ்வதும் மக்களிடையே உள்ள கூட்டுப் பற்றின் வலிமையையும் தளர்ச்சியையும் பொறுத்தவை என்று காரண காரியத்தோடு விளக்கினார். அந்த நூல் முழுமையாக ஆங்கிலத்தில் அமெரிக்காவில் வெளிவந்தது 1958-இல்.

இப்போது, நான் மிகவும் விரும்பிப் படித்த ஒரு சம்பவம். லைலா அபு லுகோத் என்னும் அமெரிக்க மானிடவியலாளர், யாஃபாவிலிருந்து வெளியேறிய பாலஸ்தீன அறிஞரின் மகள். 1978-இல், எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் வாழும் அவ்லாத் அலி என்ற பெதூயின் கூட்டத்தாரை ஆராயப் புறப்பட்டபோது, அவருடைய தகப்பனார், தாமும் கூட வந்து அறிமுகம் செய்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஆராய்ச்சிக்குப் போகும் பெண் அப்பாவைத் துணைக்கு அழைத்துப் போவதா என்று லைலாவுக்கு முதலில் கூச்சம். எந்த மானிடவியலாளர் அப்படிப் போயிருக்கிறார்? ஆனால் அங்கே தங்கிய சில காலத்துக்குள் அவருக்கு உண்மை விளங்கிற்று. தன்னந்தனியே பாலைவனத்துக்கு வந்திருந்தால், பெற்றவர் கவலைப்படாத பெண், ஏதோ காரணத்தால் குடும்பம் கைவிட்ட பெண் என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள். தகப்பன் கொண்டுவந்து ஒப்படைத்த பெண் என்பதனாலேயே அந்த வீட்டு மகளாக ஏற்று, பெண்கள் கட்டுக்குள் அனுமதித்தார்கள். மகளாக இருந்ததனால் மகளுக்குரிய கட்டுப்பாடுகளும் வந்தன. ஆண்கள் சபையில் நினைத்தபடி நுழைந்து கேள்வி கேட்க முடியாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தபடியே, பகலில் கண்ணியம் காத்து வாய்மூடி இருக்கும் பெண்கள், நெருங்கியவர்களிடையே சின்னஞ்சிறு பாட்டுகளாகத் தங்கள் காதலையும் துக்கத்தையும் பாடிக்கொள்வதை அவர் கேட்டார். அவற்றைப் பற்றி 1986-இல் அவர் எழுதிய நூல் மானிடவியல் வகுப்புகளில் இன்றும் பாடமாக இருக்கிறது. வெளியாளாகப் போன ஒருவர் காதில் அந்தப் பாட்டுகள் விழுந்திருக்குமா?

கோரிமேட்டுத் தாழ்வாரத்தில் ராவுத்தர் கேட்ட கேள்வியை அந்தப் பாலைவனத்துப் பெரியவர்களும் தங்கள் பாஷையில் கேட்டிருக்கிறார்கள். விஞ்ஞான முறை என்பது ஆராய்பவர் யார் என்பதை மறைத்துக்கொண்டு நடக்க வேண்டியது என்று ஒரு காலத்தில் கற்பித்தார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்ன பிறகுதான் பேச்சே தொடங்குகிறது என்பதை நம் ஊர்க் கிழவர்கள் எந்தச் சர்வகலாசாலைக்கும் போகாமல் அறிவார்கள்.

லைலாவின் நூல் வந்த அதே 1986-இல், தலால் அசத் ஒரு சிறு பிரசுரம் எழுதினார். அவர் பிறந்தது 1932-இல், மதீனாவில், தகப்பனார் முகம்மது அசத், லெம்பெர்க் நகரத்து யூதக் குடும்பத்தில் லியோபோல்டு வைஸ் என்ற பெயரோடு பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் அரசாங்கத்தால் இந்தியாவில் காவலில் வைக்கப்பட்டவர், தாயார் அராபியர். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வளர்ந்து, பிரிட்டனில் கற்று, சூடானில் ஆராய்ந்து, பின்னர் நியூயார்க்கில் நிலைத்த தலால், அப்பிரசுரத்தில் எழுப்பிய கேள்வி எளியது: இஸ்லாத்தை ஆராய்கிறோம் என்கிறீர்களே, ஆராயப்படும் பொருள் என்ன? ஏட்டில் உள்ளதுதான் இஸ்லாம், தர்காவில் நடப்பது கலப்படம் என்று ஒரு சாரார். ஜனங்கள் செய்வதெல்லாம் இஸ்லாமே, ஊருக்கு ஓர் இஸ்லாம் என்று மற்றொரு சாரார். இந்தியாவிலும் அப்போது இந்த விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது. டில்லியிலிருந்த இம்தியாஸ் அகமது, முஸ்லிம்களிடையே சாதி, உறவுமுறை, வழிபாடு ஆகியவற்றைப் பற்றித் தொகுத்த நூல்கள் அதற்குக் காரணமாயிருந்தன. தலால் இரு சாராரையும் மறுத்தார். இஸ்லாம் ஒரு சம்பிரதாயம். எது சரியான நடைமுறை என்பதைப் பற்றி முன்னோரையும் மூலநூலையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக நடக்கும் தர்க்கமே அதன் உயிர் என்றார். கந்தூரி எடுக்கலாமா கூடாதா என்று நாகூரிலும் காரைக்காலிலும் ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் வாதிடுவதைக் கேட்டிருப்பவர்களுக்கு, அவர் சொல்வதை விளங்கிக்கொள்ளப் பேராசிரியர் வேண்டாம். சண்டை போடும் இருவரும் சேர்ந்ததுதான் அந்தச் சம்பிரதாயம்.

தலாலின் வழியில் எழுதிய சபா மகமூது, குவெட்டாவில் பிறந்து, கட்டட வரைகலைஞராகச் சில ஆண்டுகள் தொழில் செய்து, பிறகே மானிடவியலுக்கு வந்தவர். கெய்ரோ நகரப் பள்ளிவாசல்களில் பெண்களே பெண்களுக்கு மார்க்க பாடம் நடத்தும் இயக்கத்தை ஆராய்ந்து, பெர்க்கிலியில் பேராசிரியராக இருந்தபோது, 2005-இல் அவர் நூல் வெளிவந்தது. பெண் என்றால் ஒன்று அடங்கியிருக்கிறாள், அல்லது எதிர்த்து நிற்கிறாள் என்ற இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு அவர் மூன்றாவதொன்றைக் காட்டினார்: நாணம் முதலில் வலிந்து பழக வேண்டிய ஒன்றாக இருந்து, பழகப் பழகச் சுபாவமாகவே ஆகிவிடுகிறது, அப்படித் தன்னைத் தானே செதுக்கிக்கொள்வதும் ஒரு செயல், அதில் ஈடுபடுகிறவள் ஏமாளி அல்லள் என்பதே அது. இந்த நூலைப் பெண்ணுரிமை பேசுவோர் பலர் கடுமையாகக் கண்டித்தனர். அக்கண்டனங்களுள் சிலவற்றில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. 2018-இல், இன்னும் எழுதவேண்டிய வயதில், அவர் காலமானார்.

இவையெல்லாம் அமைதியான நூலகத்தில் மட்டும் நிகழ்ந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. 2001 செப்டம்பருக்குப் பின் அமெரிக்காவில் முஸ்லிம் அறிஞர் என்பதே சந்தேகத்துக்கு இடமான பெயராயிற்று. நோத்ர தாம் சர்வகலாசாலை ஆசிரியராக அழைத்த தாரிக் ரமதானின் விசா 2004-இல் ரத்து செய்யப்பட்டு, அந்தத் தடை நீங்க 2010 ஆயிற்று. எழுதுகோலைக் கையில் எடுத்ததற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

மறுபடியும் இலங்கைக்குத் திரும்புகிறேன்; ஏனெனில் அப்துல் அஸீஸ் தொடங்கிய வழக்குக்கு அமெரிக்காவில் ஒரு மறு விசாரணை நடந்தது. கொழும்பில் பத்திரிகையாளராக இருந்து, கொலம்பியா சர்வகலாசாலையில் கற்று, மினசோட்டாவில் ஆங்கிலப் பேராசிரியராகி, 2021-இல் மறைந்த காதிரி இஸ்மாயில், 1995-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இராமநாதனை மறுத்த அஸீஸையும் விட்டுவைக்கவில்லை. நாங்கள் அராபிய வணிகரின் வழித்தோன்றல்கள் என்று கொழும்பு மேட்டுக்குடி ஆண்கள் சொல்லிக்கொண்ட அந்தச் சித்திரத்தில், கிழக்கு மாகாணத்து வயலில் இறங்கி உழும் முஸ்லிம் எங்கே, முஸ்லிம் பெண் எங்கே என்று கேட்டார். 2005-இல் வெளிவந்த தமது நூலில், இலங்கையைத் தூரத்திலிருந்து பார்க்கும் பொருளாக ஆக்கிவிடும் மானிடவியலையும், ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு பூர்வகதை எழுதித்தரும் சரித்திரத்தையும் சேர்த்தே எதிர்த்து, அந்த நாட்டின் பிரச்சினைகளுக்குள் நின்று, அதற்குக் கட்டுப்பட்டு எழுதுவதே கடமை என்று வாதித்தார். பிறரை மறுப்பதற்கு வேண்டிய துணிவைவிடத் தம்மவரை மறுப்பதற்கு வேண்டிய துணிவு பெரிது. இந்த வரிசையில் நான் மிக உயரத்தில் வைப்பது அவரையே.

காதிரி தேடிய கிழக்கு மாகாணத்து முஸ்லிம்களிடையே முன்னமே ஓர் அமெரிக்கர் போய்த் தங்கியிருந்தார். டெனிஸ் மக்கில்வ்ரே 1969-இல் அக்கரைப்பற்றுக்குச் சென்று, அங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வகையான தாய்வழிக் குடிமுறையைப் பின்பற்றுவதைக் கண்டறிந்து, ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் காலத்து உழைப்பின் பயனாக 2008-இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். இரு சாராரிடமும் வீடு மகளுக்கே சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். கோயிலில் குடிக்கொரு பிரதிநிதி இருப்பதைப் போலவே, பள்ளிவாசலிலும் குடிக்கொரு மரைக்கார் இருப்பார். இராமநாதன் கண்டிருந்தால், பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்றிருப்பார். அஸீஸ் கண்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். அந்த ஊர் மக்களுக்கோ, ஒரே விதமாகப் பெண்ணுக்கு வீடு கட்டிக்கொடுத்துக்கொண்டே, யுத்த காலத்தில் ஒருவரை ஒருவர் அஞ்சி வாழ நேர்ந்தது.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை, ஏறத்தாழ 75 ஆயிரம் பேரை, வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தமிழ் பேசும் மக்களைத் தமிழ் பேசும் மக்களே துரத்திய அந்த நிகழ்ச்சியைப் பற்றித் தமிழ்நாட்டில் நாம் பேசியது குறைவு. அதை விசாரிக்கக் குடிமக்கள் ஆணையம் ஒன்று அமைந்தபோது, அதன் ஆராய்ச்சியில் முதன்மைப் பங்கு கொண்டவர், கொலம்பியாவில் மானிடவியல் கற்றுத் திரும்பிக் கொழும்பு சர்வகலாசாலையில் சமூகவியல் போதிக்கும் பர்ஸானா ஹனிபா. 2011-இல் வெளிவந்த அதன் அறிக்கை, வெளியேற்றப்பட்டோரின் வாய்மொழியைப் பதிந்து வைத்தது. அமெரிக்காவில் கற்ற சாஸ்திரம், அகதிக் குடியிருப்பில் பாயில் உட்கார்ந்து கேட்கும் காதாக மாறியது.

புதுச்சேரியில் இத்தகைய வேலைக்குச் சாதனங்கள் இல்லாமல் இல்லை. 1955-இல் தோன்றிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தில் சமூக ஆராய்ச்சி நடக்கிறது. காலாப்பட்டில் சர்வகலாசாலை இருக்கிறது. இவ்வூரைச் சேர்ந்த சரித்திராசிரியர் ஜே. பி. பி. மோர், தமிழ் முஸ்லிம்களின் அரசியல் வளர்ச்சியையும் அவர்களுடைய அச்சுப் பண்பாட்டையும் குறித்து நூல்கள் எழுதியிருக்கிறார். அவர் முஸ்லிம் அல்லர், ஆயினும் பழைய இஸ்லாமியத் தமிழ்ப் பிரசுரங்களைத் தேடித் தொகுத்த அவர் உழைப்பு பெரிது. இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் சைகோனுக்குப் போய்க் கடை வைத்தும் பள்ளிவாசல் கட்டியும் வாழ்ந்து, பின்னர் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் பிரெஞ்சிலும் தமிழிலும் கடிதங்கள் கிடக்கின்றன. அந்தப் பெட்டிகளை யார் கேட்டால் திறப்பார்கள்?

சென்ற மாதம் அந்த மாணவி மறுபடியும் வந்தாள். தான் எழுதிய அத்தியாயத்தின் தட்டச்சுப் பிரதியைக் கொண்டுவந்திருந்தாள். பெரியவருக்குக் கண் மங்கலாகையால் நான் வாசித்தேன். ஓரத்தில் பொடி எழுத்தாக அவள் எழுதிக்கொண்ட வாக்கியம், இப்போது ஒரு பத்தியின் தொடக்கமாக நடுப்பக்கத்துக்கு வந்திருந்தது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தவர், தம் பாட்டனார் குதிரை வியாபாரம் செய்ததாக எழுதியிருந்த இடத்தில் கையமர்த்தினார்.

‘வியாபாரம் இல்லேம்மா. குதிரைக்கு லாடம் அடிச்சாரு. அப்பவே வெட்கப்பட்டு மாத்திச் சொல்லிட்டேன். நீ நம்ம புள்ளே, சரியா எழுதிடு.’

அவள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.